மாண்டவர் பெயர்

குளச்சல் போரில் வென்றவர் யார் என்று குமரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா என்று உடனே சொல்லிவிடுவார்கள். தோற்றவர் பெயரும் தெரியும்: டச்சுப் படையின் டிலனாய். 1741இல் நடந்த அந்தச் சண்டையில் செத்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவர்களும் விழிப்போம்.

பத்மநாபபுரம் அரண்மனையில் டிலனாய் மன்னரிடம் சரணடையும் ஓவியம் ஒன்று இருக்கிறது. சரணடைந்தவர் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராகி, வலிய கப்பித்தான் என்று பெயரெடுத்து, 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிற ஒரு தேவாலயம். உள்ளே கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. மனைவியும் மகனும் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். பகைவனாக வந்தவனை இந்த மண் தன்னவனாக ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் கல் சாட்சி. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்று குளச்சல் கரையில் விழுந்த திருவிதாங்கூர்ப் படைவீரனுக்கும், மன்னனுக்குத் துணை நின்றதாகக் கடற்கரை மக்கள் இன்றும் சொல்லிக்கொள்ளும் மீனவனுக்கும், கடல் கடந்து வந்து செத்த டச்சுச் சிப்பாய்க்கும் ஒரு வரிகூட இல்லை. குளச்சலில் இருப்பது வெற்றித்தூண். பழைய திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் ஜூலை 31 அன்று அங்கே வந்து மரியாதை செலுத்துகிறார்கள். மனம் நிறைகிற காட்சி அது. என்றாலும் அந்தத் தூண் வெற்றியை நினைவில் வைத்திருக்கிறது. மாண்ட ஆளை நினைவில் வைக்கவில்லை.

நம் முன்னோர் இதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் பெயரோடு நிற்கவில்லை. கூடவே இருந்து இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்றெல்லாம் எழுத்து இருக்கும். அந்தக் கற்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆட்கள்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து வெள்ளைக்காரன் நம் ஊர்களில் வைத்த கல்லைப் பாருங்கள். முதல் உலகப்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும். நாய்க்குப் பெயர் எழுதிய நாட்டில் மனிதனுக்கு எண். பிரிட்டிஷ் அரசு 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம், பதவி, இனம், மதம் பாராமல் மாண்டவர் எல்லோரையும் ஒன்றுபோல நினைவுகூர்வது என்று கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கை எல்லோருக்கும் எட்டவில்லை. இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிக்கப்படாமலோ அடியோடு விடுபட்டோ போனார்கள் என்றும் 2021இல் அதன் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

எங்கள் மாவட்டத்தில் ஒரு சாவை மக்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைத்தான் சொல்வேன். வேணாட்டுப் படைத்தலைவர். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு, இன்றைய நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் மோதி இறந்தார். வில்லிசைக்காரர்கள் அவர் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். படை நடத்திய திறத்தைப் பாடிவிட்டுப் போய்விடுகிற கதையல்ல அது. புறப்படும் முன் தாயும் மனைவியும் கெட்ட கனவு கண்டதைச் சொல்லிப் போகாதே என்று தடுப்பதை நின்று, நிதானித்துப் பாடுகிறது. அறுத்துக் கொண்டுபோன தலையை மீட்க அவருடைய ஆள் ஒருவன் எதிரியின் பாசறைக்கே போகிறான். எதிரி மனமிரங்கித் தலையைக் கொடுத்தனுப்புகிறான். செத்தவனுக்குரிய மரியாதையைப் பகைவனும் மறுக்கக் கூடாது என்பதை எழுத்தறியாத சனம் இந்தக் கதையில் கேட்டுக் கேட்டு மனசில் பதித்துக்கொண்டது.

கணியாகுளத்தில் இரண்டு பக்கமும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். பகைவனின் சாவுக்கும் மரியாதை தந்த அந்தக் கதையை நினைக்கும்போது இலங்கையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே உயிரிழந்த இந்திய அமைதிப்படை வீரர்களுக்குக் கொழும்பை ஒட்டி நினைவிடம் உண்டு, இருக்கத்தான் வேண்டும். ஆனால் 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் விடுதலைப் புலிகளின் கல்லறைகளான துயிலுமில்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. மகனைப் புதைத்த இடத்தில் விளக்கேற்றத் தாய்மார் பயந்து பயந்து போக வேண்டியிருந்தது. அவன் எந்தக் கொடிக்காகச் செத்தான் என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். அவன் தாய்க்கு அழ உரிமை உண்டா என்பதில் வேறுபாடே இருக்கக் கூடாது. கல்லறையை இடித்தது அநியாயம்.

தாய் என்றதும் எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் நினைவுக்கு வருகிறார். மகன் பட்டாளத்தில் இருந்தான், எல்லையில் இறந்தான். வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதிய அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டி நடுவீட்டில் இருக்கிறது. மேலே துணி விரித்து, போட்டோ வைத்திருக்கிறார். ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “எல்லாரும் வந்து வீரத்தாய்னு சொல்லிட்டுப் போறாவ மக்கா. அவன் சின்னதுல என்ன சேட்டை செய்தான்னு ஒருத்தரும் கேக்கல்ல.” அன்று முழுக்க அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். குளத்தில் குதித்து மண்டை உடைந்தது, அப்பாவின் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தது, சாளை மீன் இல்லாமல் சோறு இறங்காதது. அதுவரை எனக்கும் அவன் மாலை போட்ட ஒரு படமாகத்தான் இருந்தான்.

டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்துச் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் அந்த அம்மா டெல்லிக்குப் போய்ப் பார்க்கப் போவதில்லை. பெயர் அவன் படித்த பள்ளியில், அவன் பஸ் ஏறிய ஜங்ஷனில் இருக்க வேண்டும். டிசம்பர் 7 கொடிநாள் அன்று பிள்ளைகள் காசு போட்டுவிட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். அந்தப் பணம் யாருடைய குடும்பத்துக்குப் போகிறது என்று ஒரு பெயரையாவது அன்றைக்கு அவர்களுக்குச் சொல்லலாமே.

பஞ்சாயத்துத் தலைவர்களையும் தலைமையாசிரியர்களையும் பத்மநாபபுரம் நகராட்சியையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் எல்லைக்குள் பிறந்து போரில் மாண்டவர்களின் விவரத்தை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடு பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த இடம் எல்லாம் தமிழில் எழுதி, பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில் ஒரு பலகை வையுங்கள். அதிகாரி முதலில், சிப்பாய் கடைசியில் என்ற வரிசை வேண்டாம். அகர வரிசை போதும்.