மறைக்க என்ன இருக்கிறது?

கைபேசியைக் கவிழ்த்து வைத்த பெண்ணிடம் வீடு கேட்கும் கேள்வி இது. இப்போது இணையதளங்களும் கேட்கின்றன.

தேடிய தடயத்தை ஒரே தொடுகையில் அழிக்கும் ஃபயர்ஃபாக்ஸ் ஃபோகஸ், எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் டார் போன்ற உலாவிகளில் போனால், சில தளங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. மோசடிக்காரர்களும் இதே முகமூடியில் வருகிறார்கள். ஆனால் மோசடிக்காரன் வேறு வழி கண்டுபிடிப்பான். கணவன் கைபேசியைச் சோதிக்கும் வீட்டிலிருந்து சட்ட உதவி தேடுபவளுக்கு மிஞ்சுவது தடம் பதியும் வழி மட்டுமே. அழியாத ஒரு தேடல் அவள் அடிவாங்கக் காரணமாகலாம்.

அந்தரங்கம் என்ற சொல்லைப் பெண்ணியம் சந்தேகித்ததுண்டு. 'குடும்ப விஷயம்' என்ற பெயரில்தானே அடி உதைகள் மறைக்கப்பட்டன? அது குடும்பத்தின் அந்தரங்கம். நாம் கேட்பது அதற்குள் வாழும் ஒருத்தியின் அந்தரங்கம். 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அதை அடிப்படை உரிமை என்றனர்.

பணம் கைமாறும் இடத்தில் அடையாளம் கேட்கட்டும். படித்துத் தெரிந்துகொள்ள வந்தவளிடம் எதற்கு?