களிம்பும் கிளியர் கோட்டும்

காரின் மேல் விழுந்த கீறலை யாராலும் எடுக்க முடியாது. கார் டீடெய்லிங் தொழிலில் இருக்கும் நான், கடை வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொருவரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கீறல் என்பது பெயின்ட்டில் விழுந்த பள்ளம். அந்தப் பள்ளத்தை நிலையாக நிரப்ப எங்களிடம் எதுவும் கிடையாது. பள்ளத்தைச் சுற்றி நன்றாக இருக்கிற பெயின்ட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்குகிறோம். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்ததும் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. பார்க்கிறவர் கீறல் போய்விட்டது என்கிறார். உண்மையில் போனது, குற்றமில்லாமல் சுற்றிலும் இருந்த பெயின்ட்.

இந்த ஒரு விஷயம் என்னை நெடுநாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் என் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். உயிரைப் பற்றியிருக்கும் மலம் என்கிற அழுக்கு நீங்குமா, நீங்குமென்றால் அது என்ன ஆகிறது என்பது அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்வி. வாரம் முழுக்க அழுக்கோடும் கீறலோடும் மல்லுக்கட்டுகிற எனக்கு அது ஏட்டுக் கேள்வியாகத் தோன்றியதே இல்லை.

அண்மையில் ஒரு போர்ஷே 911 வந்தது. 992 தலைமுறை, கறுப்பு. கறுப்பு எதையும் மறைக்காத நிறம். உரிமையாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் பையன். சாவியைக் கொடுக்கும்போதே, "அண்ணா, ஒரு கோடுகூடத் தெரியக் கூடாதுங்க. நூறு சதவீதம் க்ளீனா வேணும்" என்றார்.

"மொதல்ல கழுவிப் பாக்கலாங் தம்பி. என்ன இருக்குதுன்னே இன்னும் தெரியலையே" என்றேன்.

கழுவுவதற்கே அரை நாள் போகும். முதலில் வெறும் தண்ணீர், பிறகு ஃபோம். நுரை தானாக வழிந்து மண்ணை இறக்கிய பிறகுதான் கை வைப்போம். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, கையுறையை அலசுவதற்கு இன்னொரு வாளி. கூரையில் தொடங்கி கீழே இறங்க வேண்டும், ஏனென்றால் மணல் இருப்பது கீழேதான். 911இல் பின்சக்கர வளைவுகள் இடுப்பு மாதிரிப் புடைத்து நிற்கும். முன்சக்கரம் எற்றுகிற கல்லும் தாரும் நேரே அங்கேதான் போய் அடிக்கும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள் பெயின்ட்டில் குத்திக்கொண்டு நிற்கும்; வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கான மருந்தை அடித்தால் துகள் இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். அதற்கும் போகாததைக் களிமண் கட்டி போன்ற க்ளே பாரால் வழுக்கி எடுப்போம். எங்கள் ஊரில் போர்த் தண்ணீரின் உப்புக்கறை வேறு. வெயிலில் நிறுத்திக் கழுவியிருந்தால் அது பெயின்ட்டையே அரித்து வளையம் வளையமாக உட்கார்ந்துவிடும்.

இவ்வளவும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. இவற்றை எடுப்பதால் காருக்கு இழப்பு இல்லை. பெரும்பாலான அழுக்கு இப்படிப்பட்டதுதான் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கழுவி உலர்த்தியதும் விளக்கு. கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டுக் கையளவு எல்இடி விளக்கு ஒன்றைப் பானெட்டின் மேல் பிடிக்கிறேன். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போல் கோடுகள் எழும்புகின்றன. இதைத்தான் நாங்கள் ஸ்வர்ல் என்கிறோம். யாரோ வட்டமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். கீறல்கள் வட்டமாக இல்லை. துணி போன திசையெல்லாம், நீளவாட்டில், குறுக்கே, சாய்வாக, அவை கிடக்கின்றன. விளக்கின் பிம்பத்தைச் சுற்றிவரும் திசையில் கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. மற்றவை அங்கேயே இருக்கின்றன, தெரிவதில்லை. விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் வலையும் ஒரு சாண் நகரும். சற்று முன் பளிச்சிட்டவை மறையும், மறைந்திருந்தவை எழும். கை விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்தின் டியூப் லைட்டைப் போட்டால் பானெட்டில் குற்றமே இருக்காது.

உமாபதி சிவாச்சாரியார் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய திருவருட்பயன் பத்து அதிகாரங்கள் கொண்ட நூல்; மொத்தம் நூறு குறட்பாக்கள். அதில் மூன்றாவது அதிகாரம் இருள்மல நிலை. புற இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிக்கொள்ளும், ஆணவ மலத்தின் இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்கிற கருத்து அங்கே வருகிறது. வகுப்பில் முதன்முறை கேட்டபோது அந்தப் பானெட்தான் என் கண்முன் வந்தது. குற்றம் இருப்பது தெரியாமலிருப்பதே குற்றத்தின் முதல் வேலை. வீட்டு வாசலில், நிழலில், நமக்குப் பழகிய வெளிச்சத்தில் நம்மை நாமே பார்த்துக்கொண்டால் எல்லாம் கண்ணாடி போல்தான் இருக்கும். வேறொரு கோணத்திலிருந்து ஒரு விளக்கு வர வேண்டும். அந்த விளக்கைக் கொண்டுவருவது நம் கையில் இல்லை, அருளின் கையில் இருக்கிறது என்கிறது சித்தாந்தம். அதை நான் முழுமையாக நம்புகிறேன். எனக்கு அப்படி வந்த வெளிச்சம் எதுவும் நானே தேடிப்போய் ஏற்றியதல்ல.

அடுத்தது அளவு. ஒரு காரின் பெயின்ட் மொத்தமும், அடிப்பூச்சு, பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட் என்று எல்லாம் சேர்ந்து, பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் இருக்கும். நாங்கள் தொடக்கூடிய கிளியர் கோட் 40, 50 மைக்ரான். வெயிலைத் தாங்குவது அந்த அடுக்கு. அது அளவுக்கு மீறி மெலிந்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில வருஷம் கழித்து வெளுத்து, தோல் தோலாக உரியும். 992இல் முன்பின் பம்பர் பகுதிகளைத் தவிர வெளித்தோல் முழுக்க அலுமினியம். அதனால் மீட்டரை வைத்துப் பெயின்ட்டின் கனத்தைப் பார்க்க முடியும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே இந்த மீட்டர் பேசாது. கூரை 118 காட்டியது. பானெட் 112. (911இல் பானெட்டைத் திறந்தால் இருப்பது டிக்கிதான், இன்ஜின் பின்னால். பேச்சு வழக்கில் பானெட் என்றே சொல்கிறோம்.) இடது கதவு 115. டிரைவர் பக்கக் கதவு 96. அந்தக் கதவை முன்பே யாரோ மிஷின் போட்டு வெகுவாகத் தின்றிருக்கிறார்கள். அதே கதவில்தான், கைப்பிடிக்குக் கீழே, நகம் வைத்தால் தட்டுப்படுகிற ஆழத்தில் ஒரு விரல் நீளக் கீறல்.

பெயின்ட்டில் இன்னொன்றும் இருக்கிறது. சாய்வாகப் பார்த்தால் ஆரஞ்சுத் தோலைப் போல மிக லேசான மேடு பள்ளம். ஆரஞ்சு பீல் என்றே அதற்குப் பெயர். இது எந்தத் துணியும் போட்ட கீறல் அல்ல. பெயின்ட் தெளிக்கப்பட்டபோதே உடன்வந்தது, ஃபேக்டரியிலிருந்து வருகிற ஏறக்குறைய எல்லாக் காரிலும் கூடவோ குறையவோ உண்டு. சித்தாந்தம் ஆணவத்தைச் சகச மலம் என்கிறது. உயிர் என்றைக்கு உண்டோ அன்றைக்கே அதுவும் உண்டு, செம்பில் களிம்பு போல. மற்ற மலங்களான கன்மமும் மாயையும் ஆகந்துகம், பின்னால் வந்து சேர்ந்தவை. ஸ்வர்ல் ஆகந்துகம், ஆரஞ்சு பீல் சகசம் என்று நான் மனதுக்குள் பிரித்து வைத்திருக்கிறேன். ஒப்புமை ஓரளவுக்குத்தான் போகும். கார் பெயின்ட்டுக்குப் பிறந்த நாள் உண்டு, உயிருக்கு இல்லை. ஆனாலும் இந்த ஓரளவு எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆரஞ்சு பீலை எடுக்க வழி இருக்கிறது. 2000, 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சமமாகத் தேய்த்துவிட்டு, பிறகு காம்பவுண்ட் போட்டு மினுக்க வேண்டும். மேலே புதிதாக இரண்டு மூன்று கோட் கிளியர் அடித்த கண்காட்சிக் கார்களுக்கு அது சரி. ஃபேக்டரி பெயின்ட்டில் செய்தால் காரின் ஆயுளையே சுரண்டுகிறோம். பளபளப்பு ஒரு தீபாவளிக்கு நிற்கும். உடன்வந்த குறையே அசலுக்கு அடையாளமாவதும் உண்டு. 1987இல் வெளிவந்த ஃபெராரி எஃப்40ஐ நான் தொட்டதில்லை. ஆனால் அதன் பெயின்ட் எவ்வளவு மெல்லியதென்றால் அடியில் உள்ள கார்பன் நெசவு வெளியே தெரியும். விஷயம் தெரிந்தவர்கள் நெசவு தெரியாத எஃப்40ஐக் கண்டால்தான் மறுபடி பெயின்ட் அடித்திருப்பார்களோ என்று சந்தேகப்படுவார்கள்.

முத்தியில்கூட ஆணவ மலம் அழிந்துபோவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்பது சித்தாந்தத்தின் முடிவு. சூரியன் வந்ததும் இருள் அடங்கிவிடுவது போல என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். மலம் பக்குவப்பட வேண்டும். மலபரிபாகம் என்று அதற்கென ஒரு நிலையையே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய சொல் இது! குற்றத்தை வேரோடு பிடுங்கி எறி என்று அவர்கள் சொல்லவில்லை. பிடுங்கப் போனால் சுற்றியிருப்பதும் சேர்ந்து வரும் என்று கண்டுதான் சொன்னார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

எங்கள் பெரியப்பா ஒருவர் கோபத்தை ஒழிக்கிறேன் என்று விரதம் எடுத்தார். முதலில் செவ்வாய்க்கிழமை மட்டும் மௌனம். பிறகு நாள் கூடிக்கொண்டே போனது. யாரையும் வையவில்லை, உண்மைதான். ஆனால் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவதும் நின்றது, சீட்டாடும்போது போடுகிற சத்தமும் சிரிப்பும் நின்றது. கடைசிக் காலத்தில் கோபமும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. பிள்ளைகளை வளர்ப்பதிலும் இதைப் பார்க்கிறேன். பிடிவாதம் போக வேண்டும் என்று அடித்து அடித்து, அதோடு சேர்த்துக் கேள்வி கேட்கிற தைரியத்தையும் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். தூய்மையின் மேல் உள்ள ஆசையே தூய்மையாக்கப்படுகிற பொருளைக் கொன்றுவிடக்கூடும் என்பதை அறியாத பக்தி எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்படியென்றால் குற்றத்தோடு சமாதானமாகிவிடுவதா என்று வகுப்பில் ஒருவர் என்னைக் கேட்டார். இல்லை. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு: மிக மென்மையான பேட், மிக மென்மையான பாலிஷ், அதில்தான் தொடங்க வேண்டும். ஒரு அடிச் சதுரத்தில் போட்டுப் பார்த்து, அது போதுமென்றால் அதோடு நிறுத்த வேண்டும். போதாதபோது மட்டும் அடுத்த படி. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படி வைத்திருப்பவர்களும் கோயில் வாசலைக் கூட்டி மெழுகுவதில்தான் தொடங்குகிறார்கள். திருநாவுக்கரசர் கையில் இருந்தது உழவாரம், கோயில் வளாகத்துப் புல்லைச் செதுக்குகிற கருவி. புல் மறுபடி முளைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அன்றாடம் செய்கிற மெல்லிய வேலைக்கு ஈடு எந்தக் கடும் தவமும் இல்லை.

செய்யக் கூடாத ஒன்றும் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள ஃபில்லரைப் பூசினால் கீறல் உடனே மறைந்துவிடும், வண்டி பளபளக்கும், நாலைந்து வாஷில் எல்லாம் திரும்ப வந்துவிடும். அதனால்தான் பாலிஷ் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மறுபடி விளக்கு பிடிக்கிறோம். கீறலோடு இருப்பதை மன்னிக்கலாம், மறைத்துக் காட்டுவதை என்னால் மன்னிக்க முடியாது.

911ஐ எடுக்க அந்தப் பையன் வந்தபோது விளக்கை அவர் கையிலேயே கொடுத்தேன். பானெட்டில், கூரையில், பின்வளைவில் ஸ்வர்ல் பெரும்பாலும் போயிருந்தது. டிரைவர் பக்கக் கதவில் அந்தக் கீறல் விளிம்பு மழுங்கி, ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தது. மீட்டரை வைத்து 96ஐக் காட்டினேன். எவ்வளவு எடுத்தால் கீறல் போகும், போனால் எவ்வளவு மிஞ்சும் என்று விளக்கினேன். நெடுநேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டுமுங்ணா" என்றார். வருத்தம் முகத்தில் இருந்தது. அது நியாயமான வருத்தம்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்களில் நான் பார்க்கிற கீறல்களில் மிகப் பெரும்பாலானவை சாலையில் விழுந்தவை அல்ல, துடைத்தவர் கையால் விழுந்தவை. காலையில் அவசரமாக, உலர்ந்த துணியால், தூசோடு தூசாகத் தேய்த்ததில் விழுந்தவை. போர்ஷேயாக இருந்தாலும் பழைய மாருதி 800ஆக இருந்தாலும் துணியை எடுக்குமுன் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இல்லாத நாளில் தூசு அப்படியே இருக்கட்டும்.