வாயைத் திற! ‘ஐ வில்’ என்று சொல்!

கியூபெக்கின் சென்ட் லோரன்டுக்கு வந்து எத்தனை வருடம்? இன்னுமா ஆங்கிலம் என்றதும் தலையைக் குனிகிறாய்?

“எப்போது வேலைக்கு வருவாய்?” சூப்பர்வைசர் கேட்கிறார். “ஐ கம் மண்டே” என்கிறாய். சொன்னதுமே கூசிப்போகிறாய். அடுத்த கேள்விக்கு வெறும் தலையாட்டல்!

எதற்குக் கூச்சம்? அவருக்குத்தான் விளங்கிவிட்டதே! விடுபட்டவை இரண்டு சின்னச் சொற்கள். “ஐ வில் கம் ஆன் மண்டே.” அவ்வளவுதான்!

வருவேன், வருவாய், வருவார். ஆளுக்கொரு விகுதி! பள்ளிக்கூடம் போகுமுன்பே பிழையில்லாமல் போட்டாயே! ஆங்கிலத்தில் அந்தப் பாடுகூட இல்லை. ஐ, யூ, ஹீ, தே... யார் வந்தாலும் ஒரே வில். பக்கத்து வினைச்சொல் அசையவே அசையாது.

அந்த வில் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய ஆங்கிலத்தில் அது ‘விரும்புகிறேன்’ என்று பொருள் தந்த வினை. விருப்பம்தான் நாளடைவில் எதிர்காலமாக மாறியது. உனக்கு விருப்பம் இருக்கிறதா, இல்லையா?

எங்கள் ஆட்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. “இஃப் இட் வில் ரெயின்” என்பார்கள். ‘மழை பெய்தால்’ என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? ஆங்கிலத்திலும் இல்லை! “இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் டேக் த பஸ்.” கோட்-வெர்த்து மெட்ரோ வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாய்விட்டுச் சொல். யார் தடுத்தது?

பிரெஞ்சு வேறா என்று பெருமூச்சு விடுகிறாயா? கேள்! ‘ழ பார்லெரே’ என்றால் பேசுவேன். ‘து பார்லெரா’ என்றால் பேசுவாய். தமிழைப் போலவே விகுதி மாறுகிறது. பாதி வழி உன் தாய்மொழியிலேயே வந்துவிட்டாய்!

1977இல் வந்த 101ஆம் சட்டம் கியூபெக்கின் வேலைத்தலங்களில் பிரெஞ்சுக்கு முதலிடம் கொடுத்துவிட்டது. சட்டத்தைத் திட்டினால் நாக்குப் புரளுமா? செந்-க்ருவா அவென்யூவில் நடந்து பார். ஆங்கிலத்துக்கு வேனியர் கல்லூரி, பிரெஞ்சுக்கு செஜெப் த சென்ட் லோரன்ட் கல்லூரி. இரண்டும் ஒரே தெருவில்! உனக்குத் தூரம் என்று சொல்ல வாயிருக்கிறதா?

வயதாகிவிட்டதா? இரவு வேலையா? பிள்ளைகள் சிரிக்கிறார்களா? சிரிக்கட்டும்! சிரிக்கிற பிள்ளையையே பக்கத்தில் இருத்து. “எங்கே பிழை? திருத்து!” என்று கேள். திருத்தியதை உரத்துச் சொல். மறுபடி பிழையா? மறுபடி சொல்!

நாளைக்கு சூப்பர்வைசர் கேட்கும்வரை காத்திருக்காதே. நீயே போய்ப் பேச்சை எடு!