ஊரில் இல்லாத தளம்

வீடு அடங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பழைய போட்டிப் பதிவுகளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கொஞ்ச நாளாக ஒரே பெயரைத்தான் தேடித் தேடிப் பார்க்கிறேன்: எலேனே கெதெவனிஷ்விலி. ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. 1990 ஜனவரியில் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் பிறந்தவர். காகசஸ் மலையின் தென்பக்கம் இருக்கும் அந்த நாட்டின் மக்கள்தொகை 40 லட்சத்தைத் தொடாது.

மலை முழுக்கப் பனி உள்ள நாடு. ஆனால் இந்தக் கலைக்கு வேண்டியது மலைப் பனி இல்லை. கூரைக்கடியில், 60 மீட்டர் நீளத்துக்கு, கண்ணாடி போலச் சமமாக உறைந்த பனித்தளம் வேண்டும். அடியில் குழாய்களில் குளிர்ந்த திரவம் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் தளம் உருகிவிடும். எலேனே பிறந்த மறு வருடம் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அவர் நடை பழகிய காலத்தில் திபிலிசி வீடுகளில் விளக்கெரியவே மின்சாரம் இல்லை. குளிர்காலத்தில் ஜனங்கள் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கே இல்லாத மின்சாரத்தைத் தளத்துக்கு யார் கொடுப்பார்கள்?

*

காலணிக்கு அடியில் இருக்கும் பிளேடைப் பற்றி எழுத வேண்டும்.

தூரத்திலிருந்து பார்த்தால் அது கத்தி போலத் தெரியும். கத்தி இல்லை. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கனம். அடிப்பக்கத்தில், நீளவாக்கில், வாய்க்கால் போல ஒரு மெல்லிய பள்ளம் ஓடுகிறது. பள்ளத்தின் இரு கரைகளும் இரண்டு விளிம்புகள்: உள்விளிம்பு, வெளிவிளிம்பு. இந்த ஆட்டத்தின் வித்தை முழுவதும் எந்தக் காலில், எந்த விளிம்பில், எந்தத் திசையில் நிற்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. லட்ஸ் என்னும் தாவலுக்குப் பின்னோக்கிப் போகும்போது வெளிவிளிம்பில் சாய்ந்திருக்க வேண்டும். எழும்பும் நேரத்தில் உள்விளிம்புக்குச் சரிந்துவிட்டால் பிழை. நமக்குத் தெரியாது, நடுவர்கள் பதிவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். காற்றில் மூன்று சுற்று முடிய ஒரு நொடிகூட ஆகாது. பிறகு உடம்பின் பாரமெல்லாம் பலமடங்காகி ஒற்றைக் காலின் ஒற்றை விளிம்பில் வந்து இறங்கும்.

ஒருமுறை சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். சரியாக இறங்கும் கால் சத்தம் போடுவதில்லை. பட்டுத் துணியைக் கிழிப்பது போல ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். அந்த ஒலி உடம்பில் ஏற வருடக்கணக்கில், நாள் தவறாமல், விடியுமுன் எழுந்து தளத்தில் இறங்க வேண்டும். ஊரில் தளம் இல்லாத குழந்தை ஊரை விட்டுத்தான் போக வேண்டும்.

*

எலேனே போனார். தாயும் சிறுமியுமாக மாஸ்கோவுக்கு. அங்கே எலெனா வொதொரெசோவாவிடம் பயிற்சி. வொதொரெசோவா 12 வயதில் 1976 ஒலிம்பிக்கில் ஆடியவர். சின்ன வயதிலேயே மூட்டுவாதம் பிடித்து, அந்த மூட்டுகளோடேயே 1983-ல் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். வலி தெரிந்த ஆசிரியை.

2006 டூரின் ஒலிம்பிக். எலேனேவுக்கு 16 வயது. பத்தாம் இடம்.

அதே வருடம் செப்டம்பர் கடைசியில் ஜார்ஜியா சில ரஷ்ய ராணுவ அதிகாரிகளை உளவு பார்த்ததாகக் கைது செய்தது. பதிலுக்கு ரஷ்யா விமானத்தை நிறுத்தியது, தபாலை நிறுத்தியது, ஆயிரக்கணக்கான ஜார்ஜியர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது. அது சட்டத்துக்கு விரோதம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வர எட்டு வருடம். ஒரு ஸ்கேட்டரின் நல்ல காலமே அவ்வளவுதான். மாஸ்கோவில் எலேனேவின் தாய்க்கு இடமில்லாமல் போயிற்று. தாய் இல்லாத ஊரில் மகள் எப்படி இருப்பாள்? மறுபடியும் மூட்டை கட்டினார்கள். இந்தத் தடவை கடல் கடந்து அமெரிக்காவுக்கு, நியூஜெர்சியில் ஹேக்கன்சாக். அதற்குப் பிறகு கனடாவில் டொரொன்டோ, பயிற்சியாளர் பிரையன் ஓர்சரிடம்.

ஊர் மாறுகிறபோது பயிற்சியாளரும் மாறுவார். அவரவருக்கு ஒரு பாணி. தாவலுக்கு முன் தோளை எப்போது திறப்பது, கையை எங்கே பூட்டுவது என்று உடம்பு கற்றதை அழித்து எழுத வேண்டும். பள்ளிக்கூடமும் மொழியும் தோழிகளும் தனி. எந்த மதிப்பெண் அட்டையிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

*

உலகப் போட்டிக்கு ஒரு நாடு ஒரு பிரிவில் எத்தனை பேரை அனுப்பலாம் என்பது போன வருட இடத்தைப் பொறுத்தது. ஒருவரே போன நாடு என்றால், அவர் முதல் பத்துக்குள் வந்தால் அடுத்த வருடம் இரண்டு பேர். முதல் இரண்டுக்குள் வந்தால் மூன்று பேர். இல்லையென்றால் மறுபடி ஒருவர்தான். பெரிய நாட்டுப் பெண் கால் தவறி விழுந்தால் பக்கத்தில் இன்னும் இருவர் உண்டு. சிறு நாட்டுப் பெண் விழுந்தால், பின்னால் வரும் தங்கைகளுக்கான கதவும் அவளோடு சேர்ந்து சாத்திக்கொள்ளும். சில நிமிட ஆட்டத்தில், இசை ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்தக் கணக்கு மனதில் எட்டிப் பார்க்காமல் இருக்குமா? ஒவ்வொரு பதிவிலும் எலேனேவின் முகத்தில் இதைத் தேடுகிறேன். கண்டதாகச் சொல்ல மாட்டேன்.

*

2010 ஜனவரி, எஸ்தோனியாவின் டாலின் நகரம். ஐரோப்பியப் போட்டி. தங்கம் இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னர், வெள்ளி பின்லாந்தின் லாரா லெபிஸ்டோ, வெண்கலம் எலேனே. இப்படி ஒரு பெரும் போட்டியில் ஜார்ஜியா வாங்கிய முதல் ஸ்கேட்டிங் பதக்கம் அது.

அடுத்த மாதம் வான்கூவர் ஒலிம்பிக். பிப்ரவரி 12, தொடக்க விழா நாள். விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, விஸ்லரின் பனிப்பாதையில் பயிற்சி ஓட்டத்தின்போது, ஜார்ஜியாவின் லூஜ் என்னும் பனிச்சறுக்கு வண்டி வீரர் நோதார் குமாரிதாஷ்விலி வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு இரும்புத் தூணில் மோதி இறந்துபோனார். வயது 21. பாகுரியானி என்னும் மலையூர்ப் பையன். மாலையில் ஜார்ஜிய அணி கையில் கறுப்புப் பட்டையோடு அரங்குக்குள் நடந்து வந்தபோது கூட்டமே எழுந்து நின்றது. விரல்விட்டு எண்ணக்கூடிய அணி அது. அத்தனை சிறிய அணியில் ஒருவர் போவதென்றால், வீட்டில் ஒருவர் போவது மாதிரி.

பதினொரு நாள் கழித்து எலேனே தளத்தில் இறங்கினார். பிளேடு உறைகளைக் கழற்றிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டுத் தடுப்பைத் தாண்டினால் அதற்குமேல் யாரும் துணைக்கு வர முடியாது. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அப்படித்தான். ஆனாலும் அன்று அந்தத் தடுப்புக்கு அப்பால் போவது வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசியில் பதினான்காம் இடம். டாலின் பதக்கத்தைவிட இந்தப் பதினான்கை நான் பெரிதாக வைக்கிறேன். சாவு விழுந்த வீட்டில் அடுத்த நாள் உலை வைக்க ஒருத்தி எழுந்திருப்பாளே, அவள் எழுந்த மாதிரி அவர் எழுந்து ஆடினார்.

*

2012, ஷெஃபீல்டில் ஐரோப்பியப் போட்டி. மறுபடி கோஸ்ட்னர் முதலிடம், கீரா கோர்பி இரண்டாவது, எலேனே மூன்றாவது. 2014 சோச்சியிலும் ஆடினார், ரஷ்ய மண்ணில். ஆக மூன்று ஒலிம்பிக்.

*

2023 ஜனவரியில், பின்லாந்தின் எஸ்போவில், ஜார்ஜியாவுக்காக அனஸ்தாசியா குபனோவா ஐரோப்பியத் தங்கம் வாங்கினார். ஐரோப்பியப் போட்டியில் அந்த நாட்டுக்கு அதுதான் முதல் தங்கம். ரஷ்யாவில் பிறந்து, வளர்ந்து, முதலில் ரஷ்யாவுக்காக ஆடியவர். இரவல் கொடி என்று சிலர் குறை சொல்வதைப் படித்திருக்கிறேன். எனக்கு அந்தக் குறை ஒட்டவில்லை. எலேனேவுக்குக் கொடி சொந்தம், தளம் இரவல். குபனோவாவுக்குத் தளம் சொந்தம், கொடி பிறகு வந்தது. சிறிய நாட்டில் ஒரு ஸ்கேட்டர் உருவாக ஏதாவது ஒன்றை வெளியே கேட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. கேட்டு வாங்கியதில் என்ன குறை? எஸ்போவில் அந்தக் கொடி நடுக்கம்பத்தில் ஏறியபோது நான் நினைத்துக்கொண்டது ஹேக்கன்சாக்கின் விடியற்காலைகளை.

*

அடுத்த முறை இந்த ஆட்டத்தைப் பார்க்க உட்காரும்போது, கடைசிக் குழு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் ஆட்டத்தில் உலகத் தரவரிசையில் கீழே இருப்பவர்கள் முன்னால் வருவார்கள். இருக்கைகள் பாதி காலியாக இருக்கும். பெயர்ப் பலகையில் வாயில் நுழையாத பெயர், கேள்விப்பட்டிராத நாடு. உறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் தடுப்பைத் தாண்டுவாள். அவள் ஆடி முடிக்கும்வரை கொஞ்சம் இருந்து பாருங்கள்.