நாதத்துக்கு ஊர் உண்டா?

மஞ்சக்குப்பத்தை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராத்தியரிடமிருந்து வாங்கியது. ஆங்கிலேயப் பட்டாளம் இந்த நாட்டில் விட்டுச்சென்ற இசைகளில் ஒன்று ஸ்காட்லாந்துப் பைப் பேண்ட். இந்திய ராணுவமும் பல பள்ளிகளும் இன்றும் அதை வாசிக்கின்றன. அந்நியப் படையின் வாத்தியத்தை நம் பிள்ளைகள் கற்கலாமா? நாதத்துக்கு நாடும் மதமும் உண்டா?

விடையை வாத்தியத்திடமே கேட்கலாம். பைப் பழகுபவர் முதலில் அதன் காற்றுப் பையைத் தொடுவதில்லை. 'பிராக்டிஸ் சாண்டர்' என்னும் சிறு குழலில் விரல்களைப் பழக்குகிறார். அதில் 9 சுரங்கள்தான். பேண்டில் முரசு பயில்பவரும் முதலில் ரப்பர் பலகையில் கோல்களைப் பழக்குகிறார். குழலில் விரல் பழகிய பிறகே பை. வாய் மூச்சு வாங்கும்போது கை பையை அழுத்தும், ஒலி அறாது. இடையில் நிறுத்த வழியில்லாததால், ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க நடுவே கணநேரம் வேறொரு சுரத்தைத் தொட வேண்டும். 3 குழல்கள் ஆதார சுருதியை விடாமல் பிடித்திருக்கும்.

இந்த இடையறாச் சுருதி நமக்குப் புதிதல்ல. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, இதையேதான் செய்கிறார். சதிர் ஆட்டத்துக்குச் சுருதி கொடுத்த 'துத்தி'யும் தோல் பைதான்.

தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள சிதம்பரம் ஆகாயத் தலம். ஒலி ஆகாயத்தின் குணம் என்கிறது நியாய வைசேஷிக மரபு. ஆகாயத்துக்கு வேலி இல்லை, ஒலிக்கும் இல்லை.

வாத்தியம் வந்த வழிக்கு வரலாறு உண்டு. அதை மறைக்காமல் சொல்லியே கற்றுக்கொடுக்கலாம். பைப் பேண்ட் நடத்தும் பள்ளிகள் நாகஸ்வரத்துக்கும் ஒத்துக்கும் வாரம் ஒரு மணி நேரமாவது ஒதுக்கட்டும்.