ஊர் காண்பதும் உடன் வருவதும்

போக வேண்டிய அவசியம் ஏதும் இல்லாத ஒரு நகரத்துக்குக் கணவனும் மனைவியும் இரண்டு நாள் விடுமுறையில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது தார்மீக விசாரணைக்குரிய விஷயமா என்று கேட்கலாம். பெரிய துன்பங்களின் முன்னால் இது அற்பம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காரணம் சொல்லாமல் ஓர் இடத்தைப் பார்க்கும் சுதந்திரம் யாருக்கு உண்டு? இருவர் சேர்ந்து போகும்போது இருவருமே பார்க்கிறார்களா, ஒருவர் பார்க்க மற்றவர் உடன் மட்டும் வருகிறாரா?

நான் இருக்கும் சிவகிரியில் முதல் கேள்விக்கான பதில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் பையோடு பஸ்ஸுக்கு நின்றால் ‘என்ன விசேஷம்?’ என்று யாராவது கேட்பார்கள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோவில் இவற்றில் ஒன்று பதிலாக இருந்தாக வேண்டும். ஆண் நின்றால் எங்கே என்று மட்டும் கேட்பார்கள். ஏன் என்று கேட்பதில்லை. வங்கியில் என் மேஜைக்கு வரும் கடன் மனுக்களிலும் நோக்கம் என்று ஓர் இடம் உண்டு. விவசாயம், வைத்தியம், படிப்பு என்று நிரப்புகிறார்கள். ஊர் பார்க்க என்று எழுதிய மனுவை நான் இதுவரை பார்த்ததில்லை. பணத்துக்கு நோக்கம் கேட்பது வங்கியின் நியாயம். கண்ணுக்கும் நோக்கம் கேட்பது எந்த நியாயம்? நோக்கம் என்ற சொல்லே நோக்குதலிலிருந்து பிறந்தது. பார்வையாக இருந்த சொல் காரியமாக மாறிப்போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது கேள்விக்கு நாம் சிலப்பதிகாரத்துக்குப் போகலாம். ஒரு தம்பதி மதுரைக்குப் போன கதைகளில் அதைவிட முக்கியமானது நம்மிடம் இல்லை. மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. பண்டிதர்கள் அதை நகர வர்ணனை என்று பாராட்டி நிறுத்திக்கொள்வார்கள். யார் கண்ட ஊர் அது என்று கேட்பதில்லை. கண்ணகியைக் கவுந்தியின் பொறுப்பில் புறஞ்சேரியில் விட்டுவிட்டுக் கோவலன் தனியாக நகருக்குள் போகிறான். வணிகர்களிடம் தன் நிலையைத் தெரிவித்து வருவதாகத்தான் சொல்லிப் போகிறான். ஆனால் காதை முழுவதும் அவன் பார்ப்பது வீதிகளை: கணிகையர் வீதி, ரத்தினக் கடைகள், பொன், துணி, தானியம். திரும்பி வந்து மதுரையின் சிறப்பைச் சொல்கிறான். அதையும் கவுந்திக்குத்தான் சொல்கிறான் என்று இளங்கோ குறிக்கிறார். பிறகு மாதரி கண்ணகியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழியில் காவ்யம் நமக்குக் காட்டுவது கடைவீதி அல்ல. காவற்காட்டையும் அகழியையும் மதிலின் கொலைப் பொறிகளையும் காட்டுகிறது.

கண்ணகி மதுரைத் தெருக்களில் நடப்பது ‘ஊர்சூழ் வரி’யில். அதற்குள் கோவலன் கொலையுண்டு கிடக்கிறான். கையில் ஒற்றைச் சிலம்போடு நடக்கும் அவளை ஊர்தான் வேடிக்கை பார்க்கிறது. அந்த நிலையில் அவள், இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று கேட்கிறாள். அத்தனை வீதிகளைச் சுற்றி வந்த கோவலனுக்கு இந்தக் கேள்விகள் எழவில்லை. அவன் கண்டது ஊரின் சரக்கை. அவள் விசாரித்தது ஊரின் இருப்பை. ஆனால் அந்த விசாரணைக்கான உரிமையை அவள் கணவனின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற வேண்டியிருந்தது. விலையில்லாமல், பதற்றமில்லாமல், ஒரு மத்தியானப் பொழுதில் அவள் மதுரையைப் பார்த்திருக்க முடியாதா? காவ்யத்தில் அதற்கு இடமில்லை. வாழ்க்கையில் இடம் உண்டா என்பதுதான் நம் பிரச்சினை.

வங்கிகளுக்கு 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. அப்படி ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் காரில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியாக மதுரைக்குப் போனோம். 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மஹாலில் நின்று, அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான் என்பதையும், தூண்களின் சுதை வேலைப்பாட்டையும் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு எதிரே அவளாக நின்றாள். கல்லாவில் ஒரு பெண், காதில் போனை இடுக்கியபடி பில் எழுதிக்கொண்டும் மூட்டை இறக்குபவர்களை அதட்டிக்கொண்டும் இருந்தாள். என் மனைவி கால் மணி நேரம் பார்த்தாள். என்ன பார்த்தாய் என்றதற்கு, ‘சும்மாதான் பார்த்தேன்’ என்றாள். நான் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவன். அந்தச் சும்மாவுக்கு ஒரு வார்த்தை அந்த மொழியில் எனக்குக் கிடைக்கவில்லை. அதன் உள்ளே என்ன இருந்தது என்று தோண்டிப் பார்க்கவும் இல்லை. அது அவள் கண்ட ஊர்.

தம்பதி என்றால் இருவரும் ஒன்றுதானே, இதில் உன் பார்வை என் பார்வை என்று பிரிப்பானேன் என்று ஒரு ஆட்சேபம் வரும். எங்கள் சாலையில் தெற்கே வாசுதேவநல்லூரில் அர்த்தநாரீஸ்வரர் கோவிலே இருக்கிறது. ஆனால் ஓர் உடம்பாகிவிட்டவர்கள் ஒரே திசையில்தான் பார்க்க முடியும். திசையைத் தீர்மானிப்பது எந்தப் பாதி என்ற கேள்வி அங்கே மறைந்துபோகிறது. எனக்குச் சங்கரன்கோவில் கதை மேலானதாகப் படுகிறது. சிவனா திருமாலா, யார் பெரியவர் என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் வழக்காடினார்கள். இருவரையும் ஒரே உருவில் காண வேண்டும் என்று கோமதியம்மன் தவம் இருந்தாள். ஆடித் தபசு அதைத்தான் கொண்டாடுகிறது. அங்கே அவள் யாருடைய பாதியும் அல்ல. எதிரே நின்று, தான் பார்க்க விரும்பியதைக் கேட்டுப் பெறுகிறவள். ஆனால் அங்கும் ஒரு பெண் பார்ப்பதற்குத் தவமும், தீர்க்க ஒரு வழக்கும் தேவைப்பட்டிருக்கின்றன. சும்மா பார்ப்பது புராணத்துக்கும் எட்டவில்லை.

ஆகவே உடன் போகிறவனின் கடமை காட்டுவது அல்ல என்பது என் கட்சி. காட்டுவதில் ஒரு தாராளம் இருப்பதுபோல் தெரியும்; ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்கனவே முடிவாகியிருக்கும். மற்றவர் நிற்கும் இடத்தில் நாமும் நிற்பது, ஏன் நின்றாய் என்பதற்குப் பதில் வராவிட்டால் விட்டுவிடுவது, இவ்வளவுதான் செய்யக் கூடியது. இது சின்ன விஷயம். ஆனால் காரணம் கேட்கப்படாத ஒரு கால் மணி நேரம்கூட இல்லாமல் ஆயுள் முழுவதும் ஒருவருக்கு உடன் வந்து முடிந்துபோன பெண்களை நாம் எல்லோரும் நம் வீடுகளில் அறிவோம்.