பேணுதல் என்னும் அறம்

பொருளை ஈட்டும் நெறி பற்றி அறநூல்கள் நிறையப் பேசுகின்றன. ஈட்டிய பொருளைப் பிறர்க்கு ஈவது பற்றி அதனினும் மிகுதியாகப் பேசுகின்றன. ஈட்டலுக்கும் ஈதலுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுவே பேணுதல்: கையிலுள்ள பொருளைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டு, அது கெடாமல் காத்தல். இதனை நாம் சிக்கனத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அறத்தின் கணக்கில் எழுதுவதில்லை. அது சரிதானா என்பதே இக்கட்டுரையின் வினா. வினா பெரிது. ஆயின் அதனை நம்முன் எழுப்பியது ஒரு சிறிய பொருள். வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும் மிதிவண்டி.

நாம் வாழ்வது கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை செல்லும் இருப்புப்பாதையில் சாம்பியன், உரிகம் நிலையங்களைக் கடந்தால் கோரமண்டல் நிலையம் வரும். விடியுமுன் அங்கே நின்றால், பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் மக்களைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை ஏற்றது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, சுமார் 800 டன் தங்கம் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்காக வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த எங்கள் முன்னோரிடம் முதல் என்று ஒன்றும் இருக்கவில்லை. இருந்தவை இரண்டு கைகளே.

எம் தந்தையார் சாம்பியன் சுரங்கத்தில் மரத்தாங்கல் அமைக்கும் வேலையில் இருந்தவர். அச்சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. ஓர் இடத்தில் வேலை தொடங்குமுன் கடப்பாரையால் மேற்பாறையைத் தட்டிக் கேட்பது அங்கே வழக்கம். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாக இருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே விட்டுப் போயிருக்கிறது, நகர்ந்துவிட வேண்டும். அந்த ஒலியைக் கேட்கத் தெரிந்தவர்கள் மாலையில் வீடு திரும்பினார்கள். இத்தகைய வேலை செய்தவர் தம் மகனுக்குக் 'கை அழுக்காகாத வேலை' வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை. கல்தூசியை மூச்சாக இழுத்த நெஞ்சின் விருப்பம் அது. நாமும் பி.ஏ. படித்தோம், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் ஆனோம். கை அழுக்காகவில்லை.

பிழை அங்கேதான் தொடங்கியது. அழுக்காகாத கையைப் பெற்றது எம் நற்பேறு. அழுக்காகாத கையே உயர்ந்த கை என்று எண்ணியது எம் அறியாமை.

எம் மகள் எட்டாம் வகுப்பு சேர்ந்தபோது பள்ளியில் ஒரு மிதிவண்டி கிடைத்தது. 2006-07 கல்வியாண்டு முதற்கொண்டு கர்நாடக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வழங்கிவந்த வண்டிகளுள் அது ஒன்று. குழந்தையின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவ்வண்டியை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஓராண்டு கழித்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஒரு கிறீச்சொலி கேட்கத் தொடங்கியது. "அப்பா, வண்டி கத்துகிறது" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். "எண்ணெய் போட்டால் சரியாகும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்றோம். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. ஒரு காலை, வீட்டுக்குக் கீழே உள்ள இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. குழந்தை வடிகால் சுவரில் மோதி விழுந்தாள். இடக்கை எலும்பு முறிந்தது.

சினத்தோடு சைக்கிள் கடைக்குச் சென்றோம். அங்கிருந்த பெரியவர் எம் தந்தையாரை அறிந்தவர். நாம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிப் பிரேக்கைக் காட்டினார். ரப்பர்க் கட்டை முழுதும் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த இரும்பு மட்டும் ரிம்மில் உராய்ந்திருந்தது. "ஆறு மாதமாக இந்த வண்டி என் கடைக்கு வரவேயில்லை, தம்பி. அது கத்திச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். வீட்டில் யாரும் கேட்கவில்லை" என்றார். புதுக்கட்டைகளின் விலை ஒருவேளைச் சிற்றுண்டிச் செலவுக்கும் குறைவு. எண்ணெய் போடலாம் என்று நாம் சொன்னதைக் கேட்டபோது அவர் முகம் மாறிற்று. பிரேக் கட்டையிலோ ரிம்மிலோ எண்ணெய் பட்டால் பிடிப்பே இராது என்பதும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாறையைத் தட்டிக் கேட்டவரின் மகன், வண்டி கத்தியதைக் கேட்கவில்லை. அன்று முதல் இந்த எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

குழந்தையின் கைக்கட்டுப் பிரியுமுன் அப்பெரியவரிடமே பாடங்கேட்கத் தொடங்கினோம். முதற்பாடம் பங்க்சர். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்றுக் காயும்வரை பொறுத்து ஒட்டுப் போட வேண்டும். பொறுமையற்றவன் ஈரத்திலேயே ஒட்டுவான், ஒட்டு நில்லாது. இவ்வளவும் செய்து மகிழ்ந்தோம். மறுநாளே காற்று இறங்கிவிட்டது. பெரியவர் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவினார். உள்ளே முள் அப்படியே இருந்தது. ஓட்டையை ஒட்டினோம்; முள்ளை எடுக்கவில்லை. இல்லறத்திலும் பொதுவாழ்விலும் நாம் செய்யும் சமாதானங்கள் பல இவ்வகையினவே அல்லவா?

அடுத்த பாடம் செயின். எங்கள் ஊரில் ஆடிக்காற்று அடிக்கும்போது, சுரங்கக் கழிவு மண் மேடுகளிலிருந்து எழும் நுண்தூசி வீடுகளுக்குள்ளும் புகும். செயினில் எண்ணெயை வழியவிட்டால் அத்தூசி அதில் ஒட்டிக்கொண்டு பற்களை அரைத்துவிடும். துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி விட்டு, மிகுந்ததையும் துடைத்துவிட வேண்டும். அன்பும் அப்படித்தான் போலும். அளவறிந்து காட்டுவதே காக்கிறது.

மூன்றாம் பாடத்தில் நம் கல்வி நம்மைக் கைவிட்டது. இடப்புறப் பெடலைக் கழற்ற ஸ்பானரைப் போட்டு அரைமணி நேரம் போராடினோம். வியர்த்ததே மிச்சம். இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றுவது; நாம் கழற்றுவதாக எண்ணி மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தோம். பெரியவர் சிரித்தபடி மறுபக்கம் ஒரு திருப்புத் திருப்பினார். நல்ல எண்ணமும் கடின உழைப்பும் மட்டும் போதா. பொருளின் இயல்பை அறியாத உழைப்பு கேட்டையே மிகுவிக்கும் என்பதை எந்தச் சொற்பொழிவும் நமக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

இவற்றையெல்லாம் வீட்டு வாசலில் செய்துகொண்டிருந்தபோது, எம் தந்தையார் ஒருநாள் வெளியே வந்தார். முழங்கை வரை கறுத்திருந்த எம் கைகளைப் பார்த்தார். "இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்றார். குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அப்பொழுது நாம் செய்துகொண்டிருந்தது எம் பழைய கறுப்பு வண்டியின் பின்சக்கரத்தில் கோட்டம் எடுக்கும் வேலை. அவ்வகை வண்டியின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் உண்டு. ஒன்றை இறுக்கினால் ரிம் ஒருபுறம் சாயும். எதிர்க்கம்பியைத் தளர்த்த வேண்டும். காற்சுற்றுக்கு மேல் திருப்பினால் வேறோர் இடம் கோணும். பகல் முழுவதும் திருப்பியும் சக்கரம் ஆடிக்கொண்டேயிருந்தது.

தந்தையார் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெல்லக் குனிந்து அமர்ந்து, ஸ்பானரை எம் கையிலிருந்து வாங்கினார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஓரிடத்தில் நிறுத்தி, "இது பேசவில்லை" என்றார். அந்தக் கம்பி தளர்ந்திருந்தது. அவர் வாழ்நாளில் சக்கரம் கோட்டம் எடுத்தவர் அல்லர். ஆயினும் சரியாக இறுகியவை ஒத்து ஒலிக்கும், தளர்ந்தது தனித்து ஒலிக்கும் என்பதை அவர் காது பாறையிடம் கற்றிருந்தது. அன்று அந்தக் கேள்வியை அவர் மீண்டும் கேட்கவில்லை. நாமும் விடை சொல்லவில்லை. இருவர் கையிலும் ஒரே மசி.

இங்கே ஓர் ஐயம் எழும். எல்லோரும் தம் வண்டியைத் தாமே பழுது பார்த்தால், கடை வைத்துப் பிழைப்பவர் என்செய்வார்? பிறர் பிழைப்பைக் குறைப்பது அறமாகுமா? இவ்வினாவை அப்பெரியவரிடமே கேட்டோம். அவர் சொன்ன விடை இது: "தெரியாதவர்கள்தாம் என்னிடம் பேரம் பேசுகிறார்கள், தம்பி. கொஞ்சம் தெரிந்தவர் வேலையின் அருமை அறிவார். கேட்ட கூலியைக் கொடுப்பார். கெட்டு முற்றிய பிறகு கொண்டுவரமாட்டார்." இதைக் கேட்டு நாணினோம். சக்கரம் கோட்டம் எடுத்ததற்கு இதே மனிதரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடியவர்கள் நாம். ஒரு பகல் முழுதும் முயன்று நம்மால் முடியாத வேலை அது. இன்று ஒட்டும், பிரேக் கட்டையும், செயினும் எங்கள் வாசலில் நடைபெறுகின்றன. கோட்டமும் ஹப்பும் அவர் கடைக்கே செல்கின்றன. கூலியைப் பற்றிப் பேச்சில்லை.

காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறும் நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் வெள்ளையர் ஒருவர் அவருக்கு முடிதிருத்த மறுத்துவிட்டார். அடிகள் கருவியை வாங்கித் தாமே கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொண்டார். பின்தலை கெட்டது, நீதிமன்றத்தில் நண்பர்கள் சிரித்தனர். ஆயினும் மறுத்தவரை அவர் குறைகூறவில்லை. நம் நாட்டில் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோர்க்கு முடிதிருத்த நாம் இடங்கொடுத்தோமா என்று தம்மையே வினவிக்கொண்டார். தன்கையே தனக்குதவி என்று தொடங்கியது, தம் சமூகம் பிறர்க்கு இழைத்த தீங்கைக் காணும் கண்ணாக முடிந்தது. தானே செய்தலின் உண்மைப் பயன் காசு மிச்சமாவது அன்று. நாம் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது தெரியவருவதே அதன் பயன்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தோடு மிதிவண்டிப் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. எழுத்துக் கற்ற நாட்டுப்புறப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வண்டியும் ஓட்டக் கற்றனர். தந்தையையோ கணவனையோ எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் தாமே சென்றனர். ஓட்டத் தெரிவது விடுதலையின் முற்பாதி. நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் ஓடச் செய்யத் தெரிவது அதன் பிற்பாதி. எம் மகள் இதனை எமக்கு முன்பே உணர்ந்துகொண்டாள். கைக்கட்டுப் பிரிந்ததும் அவள் முதலில் கேட்டது ஸ்பானரைத்தான். பிரேக் கட்டையைத் தானே மாற்றி, வண்டியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, பிறகே ஏறினாள்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நம் விடை இதுவே. பேணுதல் அறமே. ஏனெனில் நாம் பேணாத பொருளின் கேட்டை நாம் மட்டும் சுமப்பதில்லை. நம்மை நம்பி அதில் ஏறியவர்களும் சுமக்கிறார்கள். அனைத்தையும் நாமே செய்ய வேண்டும் என்பதன்று இதன் பொருள். நம்மைச் சுமப்பது நம்மிடம் சொல்வதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் கைக்கு அடங்கியதைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும். அடங்காததை அறிந்தவரிடம் மதிப்போடு ஒப்படைக்க வேண்டும்.

பிழைப்பைத் தேடி வந்த குடும்பங்கள் நாம். எங்கள் ஊரில் சங்கொலி கேட்டு எழுந்த காலம் போய்விட்டது. சுரங்க வாய்கள் மூடிக்கிடக்கின்றன. முன்னோர் விட்டுச்சென்ற தங்கம் ஒன்றும் எங்கள் வீடுகளில் இல்லை. அவர்களிடமிருந்து நாம் பெறக்கூடிய உடைமை ஒன்று உண்டு: தட்டிக் கேட்கும் பழக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, வாசலில் நிற்கும் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். கை அழுக்காகும். சோப்புப் போட்டால் போய்விடும்.